விளக்கேற்றியவனுக்குச் சிக்கன உபதேசமா?

"மின்சாரத்தைச் சிக்கனமாகப் பாவியுங்கள்! நீரை வீணாக்காதீர்கள்! பட்டியல் தானாகவே குறையும்!"

இவ்வுபதேசம் இன்று நாடெங்கும் முழங்குகிறது. கொழும்பிலே குளிர்சாதன அறையில் இருப்பவனுக்கும் அதே உபதேசம். பொகவந்தலாவையிலே பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில், கூரைத் தகரத்தின் ஒழுக்குக்கு வாளி வைத்துப் படுத்திருப்பவனுக்கும் அதே உபதேசம். இருவரையும் ஒரே தட்டில் நிறுத்திப் பேசுவதற்குச் சமத்துவம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். உரிமை கேட்கும்போது காணாமற்போகிற சமத்துவம், கட்டணம் கேட்கும்போது மாத்திரம் ஓடோடி வருகிறது!

சிக்கனத்தை நாம் எதிர்க்கவில்லை. சிக்கனம் நல்லது. ஆனால் அதனை யார், யாருக்கு, எந்த நிலையில் இருந்துகொண்டு போதிக்கிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அதைவிட முக்கியமாக, மலையகத் தொழிலாளி சிக்கனமாக வாழ முற்பட்டால் அதன் பலன் அவனுடைய கைக்கு வந்து சேருகிறதா என்று கேட்கவேண்டிய கடமையும் உண்டு. வந்து சேருவதில்லை என்பதே நமது குற்றச்சாட்டு. அதனை ஆதாரத்தோடு எடுத்து வைக்கிறோம்.

முதலில் இந்நாட்டின் மின்சாரம் எங்கே பிறந்தது என்று பார்ப்போம். 1918ஆம் ஆண்டிலே பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா மலைநாட்டின் நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சக்தி பெறலாம் என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி எடுத்துக் காட்டினார். அன்றைய வெள்ளை அதிகாரிகள் அதனை எளிதில் ஏற்கவில்லை. தொடங்கிய வேலையும் இடையிலே நின்றது. முடிவில் 1950இலேதான் லக்ஷபான நிலையம் இயங்கியது. 1965இல் காசல்ரீ அணை எழுந்தது. அதே பத்தாண்டின் இறுதியில் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் மூழ்கிற்று. இன்றும் கோடையிலே நீர்மட்டம் இறங்கினால் அந்நகரின் பழைய கோயில் தலைகாட்டும். 1985இல் கொத்மலை, 2012இல் தலவாக்கலையிலே மேல் கொத்மலை. ஆறுகளெல்லாம் நம்முடைய மலைகளில் ஊற்றெடுப்பவை. அணைகளெல்லாம் நம்முடைய தோட்டங்களுக்கு நடுவே நிற்பவை.

இந்த ஆண்டுகளுக்குப் பக்கத்தில் வேறு சில ஆண்டுகளையும் எழுதிப் பாருங்கள். லக்ஷபான இயங்குவதற்கு இரண்டாண்டு முன்னே, 1948இல், குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழனை நாடற்றவன் ஆக்கியது. காசல்ரீ அணை எழுவதற்கு முந்திய ஆண்டான 1964இல், சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவனை இரு நாடுகளுக்கிடையே பங்கு பிரித்தது. மலையின் நீருக்கு மதிப்புக் கண்டவர்கள் மலையின் மனிதனுக்கு மதிப்புக் காணவில்லை! உயர் அழுத்தக் கம்பிகள் லயங்களின் தலைக்குமேலே ஓடின; லயத்துக்குள்ளே குப்பி விளக்குப் புகைந்தது. லக்ஷபான இயங்கி அரை நூற்றாண்டு கழிந்த பின்பும் ஆயிரக்கணக்கான காம்பிராக்களில் பிள்ளைகள் மண்ணெண்ணெய்ச் சுடரிலேதான் பாடம் படித்தார்கள்.

அந்த மண்ணெண்ணெயின் கதையையும் கேளுங்கள். நாடு கடனில் மூழ்கிய 2022ஆம் ஆண்டின் ஆகஸ்ட் மாதத்தில், ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயாயிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயு உருளையின் விலை 4800 ரூபாயைத் தாண்டியது. அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளமாக நிர்ணயிக்கப்பட்டிருந்ததோ 1000 ரூபாய். ஐந்து நாள் மலையேறிக் கொழுந்து பறித்தால் ஓர் உருளை!

மின்கட்டணத்துக்கு வருவோம். 2022 ஆகஸ்டில் சராசரி 75 சதவீத உயர்வு என்றார்கள். 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம் என்றார்கள். சராசரி என்ற சொல்லின் பின்னே எவ்வளவு அநியாயம் ஒளிந்துகொள்ள முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மாதம் 30 அலகு மாத்திரம் பாவித்த ஏழைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அலகுக்கு இரண்டரை ரூபாய், நிலையான கட்டணம் 30 ரூபாய் என்று அது முன்னர் செலுத்தியது 105 ரூபாய். முதல் உயர்வில் அது 360 ரூபாய். இரண்டாவது உயர்வில் 1300 ரூபாய். ஆறு மாதத்தில் பன்னிரண்டு மடங்கு! பின்னர் கட்டணங்கள் பல தடவை குறைக்கப்பட்டன என்பதையும் நாம் மறைக்கவில்லை. 2025 ஜனவரியில் குறைந்தது. அதே ஆண்டு ஜூனில் மீண்டும் உயர்ந்தது. இறங்கினாலும் ஏறினாலும் ஏழையின் வயிறுதான் தராசுத் தட்டு.

இவ்வளவும் நடந்த பின்னர், "சிக்கனமாக இருங்கள்" என்கிறார்கள். கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து மிலாறு பொறுக்கித் தலையிலே சுமந்து வந்து அடுப்பெரிப்பவளுக்குச் சிக்கனம் கற்பிக்கிறார்கள்! விடியற்காலையில் பீலிக்கரையிலே வரிசையில் நின்று ஒரு குடம் நீரை நாலு காரியத்துக்குப் பங்கிடுபவளுக்கு நீரின் அருமையைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்! மீனுக்கு நீந்தக் கற்பிக்கும் கூட்டம் இது.

என்றாலும் நாம் கோபத்தோடு நின்றுவிடப் போவதில்லை. கோபம் விளக்கை ஏற்றாது, பட்டியலைக் குறைக்காது. வறுமை வேறு, சிக்கனம் வேறு. இல்லாததால் பாவிக்காமல் இருப்பது வறுமை. இருப்பதைக் கணக்கறிந்து பாவிப்பது சிக்கனம். முதலாவது நம்மீது திணிக்கப்பட்டது. இரண்டாவதை நாமே கற்று நமது ஆயுதமாக்கிக்கொள்ள வேண்டும்.

மின்பட்டியலைக் கையில் எடுங்கள். வீட்டுக் கட்டணத்தின் அமைப்பிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. மாதம் 60 அலகுக்குள் நிற்பவருக்கு ஒரு விலை வரிசை. 60ஐத் தாண்டியவருக்கு வேறொரு வரிசை. தாண்டியவர் அறுபத்தோராவது அலகுக்கு மாத்திரம் கூடுதலாகக் கொடுப்பதில்லை. முதலாவது அலகிலிருந்தே உயர்ந்த விலை கொடுக்கிறார். நிலையான கட்டணமும் கூடுகிறது. ஆகவே 58 அலகுக்கும் 62 அலகுக்கும் இடையே இருப்பது நாலு அலகு அல்ல, ஒரு பள்ளத்தாக்கு. 30 அலகிலும் இதைப்போலச் சிறியதொரு படி உண்டு. இந்தப் படிகளை அறிந்தவன் தப்பினான், அறியாதவன் விழுந்தான்.

எது நம்மை அந்தப் பள்ளத்திலே தள்ளுகிறது? பலரும் விளக்கைக் குறை சொல்வார்கள். பழைய 60 வாற்று மின்குமிழ் இரண்டை இரவிலே ஐந்து மணி நேரம் எரித்தால் மாதத்துக்கு 18 அலகு செலவாகும் என்பது உண்மையே. அவற்றின் இடத்திலே 9 வாற்று எல்ஈடி மின்குமிழ் இரண்டைப் பூட்டினால் மூன்று அலகுகூட ஆகாது. இதனை இன்றே செய்யலாம். ஆனால் நுவரெலியாவின் குளிரிலும் அட்டனின் மழையிலும் பெரிய கள்வன் விளக்கு அல்லன், வெந்நீர்!

கணக்குப் பாருங்கள். 20 லீற்றர் கொண்ட ஒரு வாளி நீரை 15 பாகையிலிருந்து 40 பாகைக்குச் சூடேற்ற அரை அலகுக்கும் சற்று மேலே மின்சாரம் வேண்டும். நாலு பேர் கொண்ட வீட்டிலே ஆளுக்கொரு வாளி என்றால் ஒரு மாதத்துக்கு ஏறத்தாழ 70 அலகு. விளக்கில்லை, தொலைக்காட்சியில்லை, இஸ்திரிப் பெட்டியில்லை. வெந்நீர் ஒன்றே அக்குடும்பத்தை அறுபதுக்கு அப்பால் தூக்கி எறிந்துவிடும்! நகரத்திலே சம்பளம் பெறும் நமது உத்தியோகத்தர் வீடுகளிலே பட்டியல் ஏறுவதன் இரகசியம் பெரும்பாலும் இதுவே. அரை வாளியில் கொதிநீரும் அரை வாளியில் பச்சைத் தண்ணீரும் கலந்து குளித்தால் செலவு குறையும் என்று நினைப்பவர் ஏமாறுகிறார். கலந்த நீரின் சூடு ஒன்றானால் செலவான சக்தியும் ஒன்றே. குறைக்கவேண்டியது நீரின் அளவையும் சூட்டையும். அடுப்பிலே சமையல் முடிந்ததும் தணல் வீணாகிறதே, அதன்மேல் மூடியிட்ட பானையை வைத்தால் மறுவேளைக் குளியலுக்குப் பாதி வேலை முடிந்தது.

அடுப்பைச் சொன்னோம். மூன்று கல் வைத்து எரிக்கும் அடுப்பிலே விறகின் வெப்பத்தில் பெரும்பங்கு பாத்திரத்தைத் தொடாமலே போய்விடுகிறது. போகிற வெப்பத்தோடு புகை பெண்களின் கண்ணையும் நெஞ்சையும் அரிக்கிறது. இந்நாட்டிலேயே களிமண்ணால் உருவாக்கப்பட்ட அனகி அடுப்பு ஒரே நெருப்பில் இரு பாத்திரங்களை ஏற்றும். குறைந்த விறகிலே சமையல் முடியும். பாத்திரத்துக்கு மூடி, பருப்பையும் கடலையையும் முன்னரே ஊறவைத்தல், காய்ந்த விறகு, புகை போக ஒரு வழி: இவை பெரிய விஞ்ஞானங்கள் அல்ல. ஆனால் சேமிக்கும் ஒவ்வொரு சுமை விறகும் ஒரு பெண்ணின் முதுகிலிருந்து இறங்கும் சுமை என்பதை ஆண்கள் மறக்கவேண்டாம்.

இனி நீர். வட்டவளையிலே ஆண்டுக்கு 5000 மில்லி மீற்றருக்கும் மேலாக மழை கொட்டுகிறது. இந்நாட்டில் மிக அதிகமான மழை பெறும் பகுதி அது. அந்த மழைக்கு அடியிலே வாழும் லயங்களில் கோடை வந்தால் குடத்துக்குச் சண்டை! ஏன்? ஊற்றிலிருந்து வரும் குழாய் இடையிலே பிளந்திருக்கிறது; தொட்டி பாசி பிடித்திருக்கிறது; பொதுக்குழாயின் திருகு தேய்ந்து இரவெல்லாம் சொட்டுகிறது. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளுக்கு 20 லீற்றருக்குக் குறையாது. ஒருவர் குளிக்கும் வாளி அது! சில ரூபாய் பெறுமதியான ரப்பர் வளையத்தை மாற்றினால் அது மிஞ்சும். காம்பிராவின் கூரை 120 சதுர அடி. அதன்மேல் 10 மில்லி மீற்றர் மழை பெய்தால் 110 லீற்றர் நீர், அதாவது ஐந்து வாளிக்கு மேல். துணி தோய்க்கவும், மலசலகூடத்துக்கும், வீட்டுத் தோட்டத்துக்கும் அது போதும். நகரங்களிலே நீர்வழங்கல் சபையின் குழாய் பெற்றோருக்கு 2022 செப்டெம்பரிலும் 2023 ஆகஸ்டிலும் கட்டணங்கள் மாறிய அனுபவம் மறந்திராது. அவர்களுக்கும் கூரை உண்டு, மழையும் உண்டு.

இவ்வளவும் நாமே செய்யக்கூடியவை. செய்யாதிருந்தால் பிழை நம்முடையது. இதனை ஒளிவு மறைவின்றிச் சொல்லுகிறோம்.

ஆனால் இப்போது கேட்கிறோம்: இவற்றைச் செய்தபின்னும் பலன் நமக்கு வருகிறதா?

லயத்திலே மூத்த மகனுக்குத் திருமணம் நடக்கிறது. தனி வீடில்லை. இஸ்தோப்பை அடைத்து ஒரு குடித்தனம். இளையவனுக்கும் திருமணம், பின்பக்கம் ஒரு சாய்ப்பு இறக்கி இன்னொரு குடித்தனம். தகப்பனுடைய மின்மானியிலிருந்து கம்பி இழுத்து மூன்று குடும்பமும் விளக்கேற்றுகின்றன. ஒவ்வொரு குடும்பமும் கஞ்சத்தனமாக மாதம் 25 அலகே பாவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தனித்தனி மின்மானி இருந்தால் மூவரும் மிகக் குறைந்த படியிலே, 30 அலகுக்குள்ளே நிற்பார்கள். ஆனால் மின்மானி ஒன்றுதான். அது காட்டுவது 75 அலகு! அறுபதைத் தாண்டியாயிற்று. அந்த ஒரே பட்டியல், தனித்தனியே வரக்கூடிய மூன்று பட்டியல்களின் கூட்டுத்தொகையையும் மிஞ்சி நிற்கிறது. மூன்று சிக்கனக் குடும்பங்களைச் சேர்த்து ஒரு ஊதாரிக் குடும்பமாகக் கணக்கெழுதுகிறது இந்த ஏற்பாடு. இதுவா நீதி? ஏழை சேர்ந்து வாழ்வது அவனுடைய ஆடம்பரமா?

தனி மின்மானி பெறுவதுதானே என்பார்கள். பெறுவதற்கு விண்ணப்பத்தோடு வீட்டின் உரித்தைக் காட்டவேண்டும். உரித்து எங்கே? 1972இலும் 1975இலும் தோட்டக் காணிகள் அரசுடைமையாயின. 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளின் கையிலே போயிற்று. நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, ஒழுகும் கூரை மாத்திரம் தொழிலாளியினுடையது! ஆகவே பல இடங்களிலே அவன் தோட்ட நிர்வாகத்தின் கடிதத்துக்காகக் காத்து நிற்கவேண்டியிருக்கிறது. இருநூறு ஆண்டு இம்மண்ணில் உழைத்தவன் ஒரு விளக்குக்குத் துரையின் சம்மதம் கேட்கிறான்.

அது மாத்திரமா? பழைய லயங்களின் மின்கம்பிகளைப் பாருங்கள். ஒட்டுப்போட்ட கம்பி, ஈரச்சுவர், தகரக்கூரை. ஒரு காம்பிராவிலே மின்கசிவு ஏற்பட்டுத் தீப்பற்றினால் கூரை ஒன்றாகையால் வரிசை முழுவதும் எரிகிறது. இத்தகைய செய்தி பத்திரிகைகளில் வராத ஆண்டில்லை. பிள்ளைகளின் பாடப்புத்தகமும், பிறப்புச் சான்றிதழும், சீட்டுப் பிடித்து வாங்கிய நாலு பாத்திரமும் ஒரே இரவில் சாம்பல். அங்கே போய் "மின்குமிழை மாற்றுங்கள்" என்று துண்டுப் பிரசுரம் கொடுப்பதா அறிவுடைமை?

நீரிலும் இதே கதைதான். குழாய் பிளந்தால் திருத்த வேண்டியவர் யார்? கம்பனியா, அரசா, பிரதேச சபையா, குடியிருப்பவனா? ஒருவர் மற்றவரைக் காட்டுகிறார். சொந்தமில்லாத கூரையிலே எவன் பீலி பூட்டித் தொட்டி வைப்பான்? நாளைக்கு வெளியேறு என்றால் தொட்டியைத் தோளில் தூக்கிச் செல்வானா? உரிமை இல்லாத இடத்திலே சிக்கனம் வேரூன்றாது. தன்னுடையது என்றால்தான் மனிதன் ஓட்டையை அடைப்பான். இதுவே நாம் சொல்ல வந்ததன் சாரம்.

"தோட்டங்களே நட்டத்தில் ஓடுகின்றன, திறைசேரியிலே பணமில்லை" என்ற பதில் வரும் என்று அறிவோம். மின்மானி இலவசமாகத் தாருங்கள் என்று நாம் கேட்கவில்லை. தவணையிலே கட்டத் தயார். கடிதம் கேட்காதீர்கள் என்கிறோம். ஒரு சட்டத் திருத்தத்துக்குத் திறைசேரியில் எத்தனை கோடி வேண்டும்? கசியும் கம்பியாலும் பிளந்த குழாயாலும் வீணாவது நாட்டின் சொத்தல்லவா? தொழிலாளி மிச்சம் பிடிக்கும் ஒவ்வோர் அலகும் காசல்ரீயிலே மிஞ்சி நிற்கும் நீர் என்பதை உபதேசிகள் உணரவில்லையா?

ஆகவே கேட்கிறோம். குடும்பத்துக்கொரு மின்மானி, நிர்வாகத்தின் தயவுக் கடிதமின்றி. பழைய லயங்களின் மின்கம்பிகள் முழுவதும் பரிசோதிக்கப்பட்டுப் புதுப்பிக்கப்படவேண்டும். ஊற்றும் குழாயும் தொட்டியும், மக்கள் தேர்ந்தெடுக்கும், கணக்கைப் பகிரங்கமாக வைக்கும் நீர்க்குழுவின் பொறுப்பில் வரவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தனி வீடும் அதற்குரிய காணி உறுதியும். ஏழு பேர்ச் என்று மேடைகளிலே பேசினீர்கள். பேச்சைப் பத்திரமாக்குங்கள்!

நம்மவர்களிடமும் கேட்பதற்கு இருக்கிறது. ஆசிரியர்களே! கணித பாடத்திலே ஒரு நாள் பிள்ளைகள் தங்கள் வீட்டு மின்பட்டியலைக் கொண்டுவரட்டும். 30ஐயும் 60ஐயும் அவர்கள் பெற்றோருக்கு விளக்கட்டும். மின்வேலை அறிந்த இளைஞர்களே! ஞாயிற்றுக்கிழமைகளில் பிறந்த லயத்துக்குப் போய் ஆபத்தான கம்பிகளைக் குறித்து எழுதுங்கள். அந்தக் குறிப்பே நமது மனுவுக்குச் சாட்சி. மரக்கறி பயிரிடும் உழவர்களே! நண்பகல் வெயிலில் மோட்டாரை ஓட்டி வானத்துக்கு நீர் தெளிக்காதீர்கள். மாலையிலோ காலையிலோ பாய்ச்சுங்கள். ஊற்றுக்கண்ணின் அருகே உரமும் மருந்தும் போகாமல் காத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு லயம் அந்நீரைத்தான் குடிக்கிறது. தொழிற்சங்கத் தலைவர்களே! சந்தாவை எண்ணுவது போல லயத்துக்கு லயம் மின்மானிகளையும் எண்ணுங்கள். எத்தனை குடும்பம், எத்தனை மின்மானி என்ற கணக்கை அடுத்த பேச்சுவார்த்தை மேசையிலே வையுங்கள்.

மலைகளைக் குடைந்து, நகரங்களை மூழ்கடித்து, நீரைத் திருப்பி நாட்டுக்கு விளக்கேற்றினீர்கள். அந்த மலைகளிலே வாழ்பவன் இருட்டை நெடுங்காலம் பொறுத்தான். இனித் தன் வீட்டு விளக்கைத் தானே ஏற்றவும் அணைக்கவும் உரிமை கேட்கிறான். அந்த உரிமையைக் கொடுங்கள். சிக்கனத்தை அவன் உங்களுக்குக் கற்றுத் தருவான்.